மார்சிலிங் வானில் தேன் பருந்து

தமிழாசிரியர்க்குப் 'பருந்தின் வீழ்வு' என்னும் தொடர் புதியதன்று. நன்னூலைப் பயிற்றும்போது ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து ஆகிய மூன்றனோடு நான்காவதாக அதனைச் சொல்லி வருகிறோம். உயரத்தில் வட்டமிடும் பருந்து தான் கருதிய இரையின்மேல் நேரே வீழ்ந்து, அதனை மட்டும் எடுத்துக்கொண்டு எழுவதுபோல, கருதிய பொருளை முடித்துச் செல்லும் சூத்திர நிலை அது என்று விளக்குகிறோம். கோழிக்குஞ்சைத் தூக்கிச் சென்ற பருந்தை நேரில் கண்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விளக்கம் எளிதில் விளங்கிவிடும்.

ஆயினும், பருந்து என்று நாம் அழைக்கும் பறவைகளுள் ஒன்று இரையின்மேல் இவ்வாறு வீழ்வது மிக அரிது. அது மரக்கிளையில் அமைதியாக அமர்ந்து, குளவியும் தேனீயும் செல்லும் திசையை நோக்கியிருக்கும். பின்பு தரையில் இறங்கி நடக்கும். கோழி குப்பையைக் கிளறுவதுபோலக் காலால் மண்ணைக் கிளறி, நிலத்துள் இருக்கும் குளவிக் கூட்டைத் தோண்டி எடுக்கும். இப்பறவையே தேன் பருந்து. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது சிங்கப்பூரின் வட எல்லையாகிய மார்சிலிங் வானத்தைக் கடந்து தெற்கே செல்கிறது. இதன் உணவு, உடலமைப்பு, பயணம் ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று காரணமாய் அமைந்துள்ளன. அவ்வமைப்பை ஆசிரியர்களும் வாசகர்களும் அறியும்படி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் கூறும் செய்தி

மலாய் மொழியில் இதனை 'லாங் லெபா' என்பர். 'லெபா' என்பது தேனீயைக் குறிக்கும். யப்பானியர் 'ஹாச்சிகுமா' என்பர். 'ஹாச்சி' என்பது அம்மொழியில் தேனீக்கும் குளவிக்கும் பொதுவான சொல். சீனப் பெயரிலும் தேனீயைக் குறிக்கும் எழுத்து உண்டு. ஆங்கிலத்திலும் தமிழிலும் மட்டும் தேனைக் கொண்டு பெயரிட்டிருக்கிறோம். இவற்றுள் தேனீயைக் கொண்ட பெயர்களே உண்மைக்கு அருகில் நிற்கின்றன. ஏனெனில், இப்பறவை அடையைப் பிய்ப்பது பெரும்பாலும் தேனுக்காக அன்று. அடையின் அறைகளில் வளரும் கொழுத்த புழுக்களுக்காகவும் கூட்டுப்புழுக்களுக்காகவுமே ஆகும். தேனும் மெழுகும் அவற்றோடு உடன்செல்பவை. தவளை, பல்லி, சிறு பறவை முதலியவற்றையும் சில வேளை உண்ணும்.

அறிவியலார் இதற்கு இட்ட பெயர் 'பெர்னிஸ் டைலோரிங்கஸ்' என்பது. 1821ஆம் ஆண்டில் டச்சு விலங்கியலார் டெம்மிங்க் இப்பெயரை இட்டார். இதன் பிற்பகுதி கிரேக்கச் சொற்களால் ஆயது. இறகு பொருந்திய அலகு என்பது அதன் பொருள். இப்பெயர் ஏன் வந்தது என்பதை இனிக் காண்போம்.

கொட்டுக்கு அஞ்சாத முகம்

பிற பருந்துகளின் கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள பகுதி பெரும்பாலும் மென்மையானது. மயிர் போன்ற சில இறகுகளே அங்கு இருக்கும். தேன் பருந்திற்கோ அப்பகுதியில் சிறு சிறு இறகுகள் மீன்செதில்போல நெருங்கி அடுக்கப்பட்டுள்ளன. கொடுக்கு எளிதில் ஊடுருவாத கவசம் இது. மூக்குத் துளைகள் வட்டமாக இல்லாமல் ஒடுங்கிய பிளவாக உள்ளன; மண்ணைக் கிளறும்போது புழுதி உட்புகுவதை இது தடுக்கிறது. கால்களில் தடித்த செதில்கள் உண்டு. நகங்கள் இரையை இறுகப் பற்றும் கொக்கிபோல் மிகவும் வளையாமல், ஓரளவு நேராக இருக்கின்றன. ஓடும் இரையைக் குத்திப் பிடிக்க இத்தகைய நகம் உதவாது. தோண்டுதற்கும் நடத்தற்கும் உதவும். தலை புறாவின் தலைபோலச் சிறியது, கழுத்து நீண்டது. குழிக்குள்ளும் அடைக்குள்ளும் நுழைத்துப் புழுவைப் பொறுக்க ஏற்ற வடிவம் இது.

தைவான் தீவில் தேனீ வளர்ப்போர் தம் தேனீக்களுக்கு மகரந்தம் கலந்த மாவு உருண்டைகளை வைப்பதுண்டு. அவற்றையும் இப்பருந்துகள் வந்து தின்கின்றன. மகரந்தம் கலந்த உருண்டையையும் கலவாத உருண்டையையும் வைத்து ஆய்வாளர் சோதித்தனர். கண்ணால் மட்டுமின்றி மணத்தாலும் இப்பறவை தன் உணவைத் தேர்கிறது என்று 2015ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். கொன்றுண்ணும் பறவைகள் கண்ணையே நம்பி வாழ்வன என்னும் பொதுக் கருத்துக்கு இது புறம்பானது.

வடக்கே குளிர், தெற்கே புழு

தேன் பருந்தில் பல கிளைகள் உண்டு. தமிழ்நாடு உள்ளிட்ட இந்தியப் பகுதிகளிலும் இலங்கையிலும் ஆண்டு முழுதும் தங்கி வாழும் கிளை ஒன்று. மலாயாத் தீபகற்பத்திலும் சுமத்திரா, போர்னியோ தீவுகளிலும் வாழும் கிளை மற்றொன்று. நாம் இங்குப் பேசுவது வலசை வரும் கிளையைப் பற்றி. அது சைபீரியாவின் தென்பகுதி, வடகிழக்குச் சீனம், கொரியா, யப்பான் ஆகிய நாடுகளின் காடுகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்கிழக்காசியாவில் கழிக்கிறது.

இவ்வளவு தொலைவு ஏன் வரவேண்டும்? விடை குளவியின் வாழ்க்கையில் இருக்கிறது. வடபுலத்தில் குளிர் நீங்கியதும் இராணிக் குளவி ஒன்று தனியே கூடு கட்டத் தொடங்கும். கோடை வளர வளரக் கூடும் வளரும். கோடை முடிவில் அக்கூட்டில் ஆயிரக்கணக்கான புழுக்கள் நிறைந்திருக்கும். பின்பு குளிர் வந்ததும் கூட்டிலுள்ளவை மடிந்துவிடும். அடுத்த ஆண்டிற்கு உரிய புதிய இராணிகள் மட்டும் மறைந்து உறங்கும்.

தேன் பருந்தின் ஆண்டுக் கணக்கு இதனோடு இயைந்து நடக்கிறது. யப்பானுக்கு அது மே மாதத்தில்தான் சென்று சேரும். மற்றப் பருந்துகளின் குஞ்சுகள் வளர்ந்துவிட்ட காலத்தில் இது முட்டையிடும்; பெரும்பாலும் இரண்டு முட்டைகள். குளவிக் கூடுகள் புழு நிறைந்திருக்கும் சூலை, ஆகஸ்டு மாதங்களில் குஞ்சுகள் வாய் திறந்து நிற்கும். செப்டம்பரில் புறப்பாடு. இன்னும் ஒரு மாதம் தங்கினால் பட்டினிதான். வெப்ப நாடுகளிலோ குளவிக்கும் தேனீக்கும் ஆண்டில் ஓய்வே இல்லை. சுருங்கச் சொன்னால், புழு உள்ள இடத்தைத் தேடியே பருந்து வருகிறது.

உயரப் பறக்கும் வித்தை

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பது நம் பழமொழி. பருந்தின் உயரம் அதன் வலிமையால் வந்தது என்று அதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. இயற்கை நூலார் வேறு விடை கூறுவர்: அது காற்றின் வலிமை.

தோட்டத்தில் அந்நாளில் சருகைக் குவித்துக் கொளுத்துவர். கரித்துகள்கள் தாமே சுழன்று மேலெழுவதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். அத்துகளுக்குச் சிறகில்லை, சூடான காற்று இலேசாகி எழும்போது அதனையும் தூக்கிச் செல்கிறது. வெயில் ஏறியதும் தரையிலிருந்தும் இவ்வாறே வெப்பக் காற்று தூண்போல எழுகிறது. தேன் பருந்து தன் அகன்ற சிறகுகளை விரித்து அத்தூணுக்குள் வட்டமிடும். சிறகை அடிக்காமலே நெடுந்தொலைவு மேலே சென்றுவிடும். பின்பு அங்கிருந்து சாய்வாக வழுக்கி, இறங்கிக்கொண்டே அடுத்த தூணை அடையும். ஏறுவதும் வழுக்குவதுமாக நாள் முழுதும் பயணம் நடக்கும். கொழுப்பாகச் சேர்த்து வைத்த ஆற்றலை வீணாக்காத பயணம் இது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, கதிரவன் இல்லாத இரவில் இப்பயணம் இல்லை. மாலையில் மரத்தில் தங்கியாக வேண்டும். இரண்டாவது, தரையைப் போலக் கடல் விரைவில் சூடேறுவதில்லை. ஆகவே கடலின்மேல் இத்தூண்கள் நன்கு அமைவதில்லை. கடலைக் கடப்பதாயின் சிறகடித்தே கடக்க வேண்டும். எனவே இப்பறவைகள் கூடியவரை நிலத்தை ஒட்டியே செல்கின்றன. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா செல்லும் இதன் இனப்பறவை, சிபுரால்டர், பாசுபரசு ஆகிய ஒடுங்கிய நீரிணைகளில் வந்து குவிவதும் இதனாலேயே. கிழக்கில் அத்தகைய நிலவழி மலாயாத் தீபகற்பம். வடக்கே கிரா பூசந்தியில் ஒடுங்கி, இடையில் அகன்று, தெற்கே மீண்டும் ஒடுங்கும் இந்நிலம் ஒரு புனல்போலப் பறவைகளைச் சேர்த்துத் தெற்கே அனுப்புகிறது. அப்புனலின் வாயில்தான் ஜோகூரும் சிங்கப்பூரும் உள்ளன.

கருவி காட்டிய வழி

முற்காலத்தில் இவையெல்லாம் ஊகமாகவே இருந்தன. 2003ஆம் ஆண்டு முதல் தோக்கியோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹிகுச்சி ஹிரோயோஷியும் அவர்தம் குழுவினரும் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக் கோளின் துணையால் அவற்றின் வழியை நாள்தோறும் குறித்தனர்.

கிடைத்த செய்தி வியப்பூட்டுவது. யப்பானின் நடுப்பகுதியிலிருந்து புறப்பட்ட பறவைகள் மேற்கு நோக்கிச் சென்று, கிழக்குச் சீனக் கடலை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடந்தன. சீனத்தினுள் புகுந்து தென்மேற்காகத் திரும்பி, இந்தோசீனம், தாய்லாந்து வழியாக மலாயாத் தீபகற்பத்தில் இறங்கின. சுமத்திராவை அடைந்தபின் சில சாவகத்தின் பக்கமும் சில போர்னியோ, பிலிப்பீன்சு பக்கமும் பிரிந்தன. ஒருவழிப் பயணமே 10,000 கிலோமீட்டர் அளவினது.

திரும்பும்போது அவை வந்த வழியே செல்வதில்லை என்பது மற்றொரு வியப்பு. தீபகற்பத்தின் வழியே ஏறி, இடையில் வாரக்கணக்கில் தங்கி, பின்பு சீனத்தின் வடகிழக்குவரை சென்று, கொரியாவின் வழியாகத் தெற்கே திரும்பி யப்பானை அடைகின்றன. சுற்று வழிதான், ஆயினும் அகன்ற கடலை அது தவிர்த்துவிடுகிறது. செல்லும் காலத்தில் கடக்கக் கூடிய கடலை மீளும் காலத்தில் ஏன் தவிர்க்க வேண்டும்? இலையுதிர் காலத்தில் அக்கடலின்மேல் கீழைக்காற்று நிலையாக வீசி மேற்கே செல்லும் பறவைக்குத் துணை செய்கிறது. இளவேனிற் காலத்தில் அத்தகைய நிலையான துணை இல்லை. காற்றின் பருவம் அறிந்து கலம் செலுத்திய வணிகரின் மரபில் வந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

மீளும் காலத்துக் காட்சியைக் காண மலேசியாவில் சிறந்த இடம் போர்ட்டிக்சனை அடுத்த தஞ்சோங் துவான் முனை. சுமத்திராவின் கரையிலுள்ள ரூபாட் தீவுக்கும் இம்முனைக்கும் இடையே கடல் சுமார் 38 கிலோமீட்டர் அகலமே உடையது. மார்ச்சு மாதத்தில் களைத்துத் தாழப் பறந்து வரும் பருந்துகள், முனையிலுள்ள காட்டின்மேல் வெப்பக் காற்றைப் பெற்று மீண்டும் உயரே ஏறும். மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டு முதல் அங்குப் பருந்து காணும் விழாவை நடத்தி வந்திருக்கிறது.

மார்சிலிங் வாயில்

நிற்க. நம் மார்சிலிங்கிற்கு வருவோம். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த இவ்வூர் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்தது. அதன் உரிமையாளர் லிம் நீ சூன் (1879-1936), சீனத்திலிருந்த தம் மூதாதையர் சிற்றூரின் பெயரை இதற்கு இட்டார் என்பர். வடக்கிலிருந்து கடல் கடந்து வந்த பெயரைத் தாங்கிய ஊரின்மேல், வடக்கிலிருந்து கடல் கடந்து வரும் பறவையும் செல்கிறது.

ஜோகூரின் பக்கத்திலிருந்து வரும் பறவைக்கு இங்குள்ள நீரிணை ஒரு தடையே அன்று. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். நாம் வாகன நெரிசலில் மணிக்கணக்கில் நிற்கும் அத்தொலைவை இது இரண்டு மூன்று நிமிடத்தில் வழுக்கிக் கடந்துவிடும். தென்கரையில் மார்சிலிங் பூங்கா, அட்மிரல்ட்டி பூங்கா ஆகியவற்றின் மரங்களும் சதுப்புநிலக் காடும் அதனை வரவேற்கின்றன. சிங்கப்பூருக்கு வலசை வரும் பருந்தினங்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. சில இங்கேயே தங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பல, தெற்கேயுள்ள நீரிணையையும் கடந்து இரியாவுத் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் செல்கின்றன. சிங்கப்பூர் இயற்கைக் கழகத்தின் பறவைப் பிரிவினர் இக்காலத்தில் பல இடங்களில் நின்று இவற்றை எண்ணிக் குறித்து வருகின்றனர்.

இதனை இனங்காணும் முறை வருமாறு. நீரிணையின்மேல் நாள்தோறும் வட்டமிடும் செம்பருந்திற்குத் தலையும் மார்பும் வெண்மை, உடல் செங்கல் நிறம். கடற்கழுகிற்கு அடிப்புறம் வெண்மை; பறக்கும்போது சிறகை மேல்நோக்கி உயர்த்தியிருக்கும். இவை இரண்டும் இவ்வூர்வாசிகள். தேன் பருந்தோ சிறகைத் தட்டையாக விரித்து மிதக்கும். நீண்ட கழுத்தும் சிறுதலையும் முன்னே நீண்டு தோன்றும். நீண்ட வாலில் கரும்பட்டைகள் தெரியும். ஆணுக்குக் கண் கருமை, பெண்ணுக்கு மஞ்சள். உடல் நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. வெளிறிய பறவையும் உண்டு, கரும்பழுப்பும் உண்டு. ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. இவற்றுட் சில, வலிய கழுகினங்களின் கோலத்தை ஒத்திருக்கின்றன. பகைப்பறவைகளை அஞ்சச் செய்ய அமைந்த போலி வேடம் இது என்று கருதுவோர் உண்டு. முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை, வெயில் தெளிந்த நாளில் வடக்கு நோக்கி நின்றால் காணலாம்.

நண்பனா, பகைவனா?

பால்மரம் சீவுவோர்க்கும் கொழுந்து பறிப்போர்க்கும் குளவி என்றால் அச்சம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குளவி கொட்டுக்கு ஆளாகும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். அவர்கள் அஞ்சும் அக்கூடே இப்பறவையின் உணவு. அவ்வகையில் இது தோட்டத்து மக்களுக்கு நண்பன் என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் உண்மையை ஒருபுறம் மட்டும் சொல்வது ஆசிரியர்க்கு அழகன்று. பெரிய மலைத்தேனீயின் கூட்டை இப்பறவை தாக்கும்போது, சினந்த தேனீக்கள் கீழே செல்லும் மனிதரைக் கொட்டுவதும் உண்டு. ஆதலால், மரத்திலோ கட்டடத்திலோ தொங்கும் பெரிய தேன்கூட்டைப் பருந்து சுற்றி வருவதைக் கண்டால், வேடிக்கை பார்க்க நிற்றல் கூடாது. பிள்ளைகளை உடனே உள்ளே அழைத்துக்கொள்ளுதல் வேண்டும். கல்லெறிதல் கூடவே கூடாது. இவ்வளவு முன்னறிவு போதும். பறவையை வெறுக்கவோ, கண்ட கூட்டையெல்லாம் எரிக்கவோ தேவையில்லை. குடியிருப்புக்கு இடையூறான கூட்டை அழிக்காமல் எடுத்து வேறிடத்தில் வைப்போரும் இன்று உள்ளனர்.

தேன் பருந்து உலக அளவில் அழியும் நிலையிலுள்ள பறவை அன்று. ஆனால் அதன் வாழ்க்கை ஒரு நாட்டின் கையில் இல்லை. யப்பானியக் காட்டில் பொரித்த குஞ்சுக்குச் சீனத்திலும் தாய்லாந்திலும் ஜோகூரிலும் இரவு தங்க மரம் வேண்டும்; சுமத்திராவில் தேனடை தொங்கும் காடு வேண்டும். சுமத்திராவின் காடுகள் பெருமளவில் செம்பனையாகவும் காகித மரத் தோட்டமாகவும் மாறிவிட்டன. ஜோகூரிலும் ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாயின, சில வீட்டுமனைகளாயின. சிங்கப்பூரில் வனவிலங்குச் சட்டமும் மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் காட்டுயிர்களைக் கொல்வோரைத் தடுக்கின்றன. ஆனால் தங்கும் மரம் வெட்டப்பட்டபின் சட்டத்தால் மட்டும் பறவையைத் தங்கவைக்க இயலாது. மார்சிலிங்கிலுள்ள சிறு பூங்காவும் கரையோரச் சதுப்புநிலமும் இச்சங்கிலியின் கண்ணிகள் என்பதை நாம் உணர வேண்டும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

பருந்து, கழுகு, எருவை, எழால், வல்லூறு என இவ்வினப் பறவைகளுக்கு நம் மொழியில் பெயர் பல உண்டு. சங்க நூல்களைக் கற்பிக்கும் நாம் இப்பெயர்களுக்கு எல்லாம் 'ஒருவகைப் பறவை' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுகிறோம். மாணவரும் அதனை மனப்பாடம் செய்துவிடுகின்றனர். வானில் செல்வதை நோக்கி, இது இன்னது, இது இன்னதன்று என்று பிரித்துக் கூறப் பழகாத மாணவனுக்கு அகராதியில் பெயர்கள் இருந்தும் பயனில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். அக்டோபர் முதல் நவம்பர் வரை, மீண்டும் பிப்பிரவரி இறுதியிலிருந்து ஏப்பிரல் வரை, நாள், மணி, பறவையின் எண்ணிக்கை, சென்ற திசை, காற்று, மேகம் ஆகியவற்றை மாணவர் தமிழில் எழுதட்டும். நீரிணையின் வடகரையில் ஜோகூரின் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தென்கரையில் மார்சிலிங், உட்லண்ட்ஸ் வட்டாரப் பள்ளிகளில் தமிழ் பயிலும் மாணவர் உள்ளனர். இருகரை மாணவரும் ஒரே நாளில் ஒரே வேளையில் நின்று எண்ணினால், அக்கரையில் ஒருவன் குறித்த பறவையை மூன்று நிமிடம் கழித்து இக்கரையில் மற்றொருவன் குறிக்கக் கூடும். அவ்விரு குறிப்பேடுகளையும் ஆண்டு முடிவில் ஒப்பிட்டுப் பார்த்தல் இலக்கண வகுப்புக்கும் அறிவியல் வகுப்புக்கும் ஒருங்கே பயன்தரும் பாடமாகும். வரும் அக்டோபரிலேயே இதனைத் தொடங்கலாம்.